திரைப்படம்: கேளிக்கையும் பண்பாட்டுச் செல்வமும்

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் வாழ்வை மிகுதியாகத் தொட்ட கலைவடிவம் திரைப்படமே எனலாம். எழுத்தறிவு இல்லாதவர்க்கும் புரியக்கூடியது. குறைந்த செலவில் பல்லாயிரம் பேரைச் சென்றடையக்கூடியது. இசை, நாடகம், நடனம், ஓவியம் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ள வல்லது. பல மொழிகளும் பல சமயங்களும் கொண்ட நம் நாட்டில் அது பெற்ற செல்வாக்கு தனித்தன்மை வாய்ந்தது.

ஆயினும், இத்துணைச் செல்வாக்குப் பெற்ற கலையின் தொடக்ககாலச் சான்றுகளில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. இந்தியாவின் முதல் பேசும் படத்தின் ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. இதற்குக் காலத்தின் கொடுமை மட்டும் காரணமன்று. திரைப்படத்தை வரி விதிப்பதற்கும் தணிக்கை செய்வதற்கும் உரிய கேளிக்கைப் பொருளாக மட்டுமே நிர்வாகம் நெடுங்காலம் கருதிவந்தது; தயாரித்தவர்களும் அதனை ஒரு பருவத்துச் சரக்காகவே எண்ணினர். அதனைப் பண்பாட்டு ஆவணமாகக் காணும் பார்வை மெதுவாகவே தோன்றியது. அந்தப் பார்வை வளர்ந்த வரலாற்றையும், அது தாமதமானதால் நேர்ந்த இழப்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்க காலம்

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் கட்டணம் பெற்றுச் சலனப் படங்களைக் காட்டினர். ஏழு மாதங்களுக்குள்ளாகவே, 1896 ஜூலை 7 அன்று, அப்படங்கள் பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் திரையிடப்பட்டன. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. எனவே முதற் காட்சிகளைக் கண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் வசதி படைத்த இந்தியருமே ஆவர்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த எல்லை தகர்ந்தது. பம்பாயில் ஹரிச்சந்திர பாடவடேகர் 1899இல் ஒரு மற்போரைப் படம் பிடித்தார். கல்கத்தாவில் ஹீராலால் சென் நாடகக் காட்சிகளைப் படமாக்கினார். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கொட்டகை அமைத்துப் படம் காட்டத் தொடங்கினார். பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவியவரும் அவரே. இத்தகைய முயற்சிகளால் நகரத்துச் செல்வந்தரின் வேடிக்கைப் பொருளாக இருந்த சலனப் படம், சிற்றூர் மக்களின் பொழுதுபோக்காக மாறியது.

தாதாசாகேப் பால்கே தயாரித்த 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3 அன்று பம்பாயின் கொரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. அதில் தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்னும் ஆண். நடிப்பதற்குப் பெண்கள் முன்வராத காலம் அது. மக்கள் நன்கறிந்த புராணக் கதையைத் தேர்ந்தெடுத்ததன் மூலம், புதிய இயந்திரத்துக்கும் பழைய கதைமரபுக்கும் பால்கே ஒரு பாலம் அமைத்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் ஊமைப் படத்தைத் தயாரித்தார்.

திரைக்கலை எல்லோரையும் ஒருசேர வரவேற்றது என்று கூறிவிட இயலாது. திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் 1930 அளவில் வெளியிட்ட 'விகதகுமாரன்' படத்தில், பி.கே. ரோசி என்னும் தலித் பெண் உயர்குலப் பெண்ணாக நடித்தார். அதனைப் பொறாத கூட்டத்தினரின் எதிர்ப்பால் அவர் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர் நடித்த அப்படமும் இன்று இல்லை.

பேசும் படமும் மொழிகளும்

1931 மார்ச் 14 அன்று பம்பாயின் மெஜஸ்டிக் அரங்கில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. ஊமைப் படத்துக்கு மொழி எல்லை கிடையாது. இடையிடையே வரும் எழுத்துத் தலைப்புகளை மாற்றினால் போதும். பேசும் படமோ ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனித் திரையுலகை உருவாக்கியது. சென்னை, கல்கத்தா, பம்பாய், புணே, கோலாப்பூர், லாகூர் ஆகிய நகரங்களில் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்தன.

பார்சி நாடகம், இசை நாடகம், தெருக்கூத்து ஆகிய மரபுகளிலிருந்து வந்த பாடல்கள் பேசும் படத்தின் உயிர்நாடியாயின. 1932இல் வெளியான 'இந்திரசபா' படத்தில் ஏறத்தாழ எழுபது பாடல்கள் இடம்பெற்றன. கருத்துச் செறிவுள்ள படங்களும் தோன்றாமல் இல்லை. தீண்டாமையைக் கண்டித்த 'அச்சுத் கன்யா', பக்தி இயக்கத்தின் எளிமையைச் சித்திரித்த 'சந்த் துக்காராம்' ஆகிய இரண்டும் 1936இல் வெளிவந்தவை. கே. சுப்பிரமணியம் 1939இல் இயக்கிய 'தியாகபூமி' தேசிய உணர்வை வெளிப்படையாகப் பேசியமையால் ஆங்கில அரசின் தடைக்கு ஆளாயிற்று.

சமூகத்தின் மீது ஏற்பட்ட விளைவுகள்

திரையின் செல்வாக்கைப் பற்றிப் பேசுவோர் உடை, சிகை அலங்காரம், பேச்சு வழக்கு ஆகியவற்றில் அது ஏற்படுத்திய மாற்றங்களையே பெரும்பாலும் குறிப்பிடுவர். அவற்றினும் ஆழமான மாற்றம் திரையரங்கிலேயே நிகழ்ந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்டுகளித்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். அங்கு இருக்கையை நிர்ணயித்தது சாதி அன்று. நுழைவுச் சீட்டின் விலை. பணத்தால் அமைந்த வேறுபாடு இருக்கவே செய்தது. எனினும், பிறப்பால் விலக்கப்பட்டிருந்தவர் காசு கொடுத்து உள்ளே நுழையக்கூடிய பொது இடம் ஒன்று உருவானது சிறிய செய்தியன்று.

அரசியலிலும் திரையின் பங்கு பெரிது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற படங்களின் வசனங்கள் அரசியல் மேடைப்பேச்சின் நீட்சியாகவே அமைந்தன. திரைக்கதை எழுதிய சி.என். அண்ணாதுரை 1967இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அவரைத் தொடர்ந்து மு. கருணாநிதி, எம்.ஜி. இராமச்சந்திரன் ஆகியோரும், ஆந்திரப் பிரதேசத்தில் 1983இல் என்.டி. ராமராவும் அப்பொறுப்பை ஏற்றனர்.

மக்களின் விருப்பத்தைக் கொள்கையால் கட்டுப்படுத்த முயன்றால் என்ன நேரும் என்பதற்கு வானொலி வரலாறு ஒரு பாடம். 1952ஆம் ஆண்டு முதல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்தார். நேயர்களோ இலங்கை வானொலிக்குத் தாவினர். இறுதியில் 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' தொடங்கப்பட்டுத் திரைப்பாடலுக்கு உரிய இடம் அளிக்கப்பட்டது.

அரசின் அணுகுமுறை

ஆங்கில ஆட்சியின் முதல் திரைப்படச் சட்டம் 1918இல் இயற்றப்பட்டது. 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் ஏற்பட்டன. 1922இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டில் பம்பாயிலும் கேளிக்கை வரி நடைமுறைக்கு வந்தது. தணிக்கையும் வரியும் மட்டுமே அக்கால அரசுக்கும் திரைப்படத்துக்கும் இடையே இருந்த தொடர்பு எனலாம்.

இந்த நிலையை மாற்றக்கூடிய வாய்ப்பு ஒன்று கிட்டியது. சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான்பகதூர் டி. ரங்காச்சாரியாரின் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழு, நாடெங்கும் சென்று 353 சாட்சிகளை விசாரித்தது. பேரரசில் தயாராகும் படங்களுக்குச் சலுகை அளிப்பதே ஆட்சியாளரின் விருப்பமாக இருந்தது. குழு அதற்கு இசையவில்லை. மாறாக, இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு அரசு துணைநிற்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1928இல் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை கோப்புகளில் உறங்கிப்போயிற்று. எனினும், அக்காலப் பார்வையாளரையும் அரங்குகளையும் பற்றி நாம் அறிவனவற்றில் கணிசமான பகுதிக்கு அக்குழு திரட்டிய சாட்சியங்களே ஆதாரமாக விளங்குகின்றன.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. அதன் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் பல மொழிகளில் தயாரிக்கப்பட்டு நாட்டின் அரங்குகளில் கட்டாயமாகக் காட்டப்பட்டன. எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1951இல் அளித்த அறிக்கை, நிதியுதவி, பயிற்சி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டியது. 1952இல் முதல் சர்வதேசத் திரைப்பட விழா, 1954இல் தேசிய விருதுகள், 1960இல் திரைப்பட நிதிக் கழகம், அதே ஆண்டில் புணே பயிற்சி நிலையம், 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் என நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின.

பொது நிதி கலைக்குப் பயன்பட்டதற்கு 'பதேர் பாஞ்சாலி' சிறந்த சான்று. பணமின்றி நின்றுபோயிருந்த சத்யஜித் ராயின் அப்படத்தை முடிக்க மேற்கு வங்க அரசு பொருள் அளித்தது. படத்தின் பெயரில் பாதை என்ற பொருள் இருந்தமையால் அச்செலவு சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. திரைப்படத்துக்கெனக் கணக்குத் தலைப்பே இல்லாத காலம் அது. 1969இல் நிதிக் கழகத்தின் உதவியுடன் மிருணாள் சென் இயக்கிய 'புவன் ஷோம்' புதிய அலைக்கு வித்திட்டது.

அரசியலமைப்புச் சட்டமும் பொறுப்பைப் பகிர்ந்தே அளிக்கிறது. திரையிடுவதற்கு ஒப்புதல் அளிப்பது மத்தியப் பட்டியலில் உள்ளது. திரையரங்குகள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. கேளிக்கை வரியும் மாநிலங்களுடையதாகவே இருந்தது. 2017 ஜூலை முதல், உள்ளாட்சிகள் விதிப்பது நீங்கலாக, அது சரக்கு மற்றும் சேவை வரியில் இணைந்தது. முன்தணிக்கை செல்லுமா என்ற கேள்வி, கே.ஏ. அப்பாஸ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் 1970இல் தணிக்கையை ஏற்றுக்கொண்டது; ஆனால் கலைக்கும் ஆபாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தும் தெளிவான நெறிமுறைகள் தேவை என வலியுறுத்தியது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, வயதுவாரியான புதிய சான்றுப் பிரிவுகளும் திருட்டுப் பதிவுக்கு எதிரான பிரிவுகளும் சேர்க்கப்பட்டன.

இழந்தவையும் எஞ்சியவையும்

நம் நாட்டில் 1,300க்கும் மேற்பட்ட ஊமைப் படங்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியவை ஏறத்தாழ முப்பது மட்டுமே. 'கீசக வதம்', 'ஆலம் ஆரா', 'காளிதாஸ்' ஆகிய மூன்றும் மறைந்தவற்றுள் அடங்கும். நான்கு சுருள்கள் கொண்ட 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சியிருப்பவை இரண்டு; அவையும் பால்கே 1917இல் மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இழப்புக்கான காரணங்களை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். முதலாவது, படச்சுருளின் இயல்பு. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட செல்லுலோஸ் நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் நீருக்குள்ளும் எரியக்கூடியது. ஹீராலால் சென்னின் படங்கள் 1917இல் தீக்கு இரையாயின. 2003 ஜனவரியில் புணேயில் ஏற்பட்ட தீ விபத்தில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. 'பதேர் பாஞ்சாலி'யின் மூலப்பிரதியும் 1993இல் லண்டன் பரிசோதனைச் சாலையில் நிகழ்ந்த தீயில் கருகியது. கருகியவற்றுள் பயன்படத்தக்க பகுதிகளையும் பிற பிரதிகளையும் கொண்டு 2015இல் அது மீட்கப்பட்டது. நைட்ரேட்டுக்கு மாற்றாக வந்த அசிட்டேட் சுருளில் தீ அபாயம் குறைவு. ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அது சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசும். சிதைவு ஒரு சுருளில் தொடங்கினால் அருகிலுள்ளவற்றுக்கும் பரவும். குளிர்ந்த, உலர்ந்த அறையே இதற்குத் தடுப்பு. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அத்தகைய அறையை ஆண்டு முழுதும் பராமரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியாகும்.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். திரையிட்டு முடித்த படத்தை வைத்திருப்பது வாடகைச் செலவு. அதனை உருக்கினால் உள்ளிருக்கும் வெள்ளி கிடைக்கும். எத்தனையோ படங்கள் இவ்வாறு வெள்ளிக்காகவே அழிக்கப்பட்டன.

மூன்றாவது காரணம் சட்டத்தின் மௌனம். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். திரைப்படங்கள் அனைத்தையும் நிரந்தரமாகப் பாதுகாப்பதற்கென இதற்கு இணையான தனிச் சட்டம் ஏற்படவில்லை.

எஞ்சியவை எவ்வாறு எஞ்சின என்பதும் சிந்திக்கத்தக்கது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஊமைப் படம் 1933இல் வெளியானது. சி.வி. ராமன்பிள்ளையின் நாவலை உரிமையின்றிப் படமாக்கியதாக வழக்கு எழுந்து, படத்தின் பிரதி திருவனந்தபுரத்துப் புத்தக வெளியீட்டாளர் வசம் சென்றது. பல ஆண்டுகள் புத்தகக் கடையில் கிடந்த அப்பிரதி 1974இல் தேசியக் காப்பகத்தை அடைந்தது. ஓடிச் சம்பாதித்த படங்கள் அழிய, வழக்கில் சிக்கி ஓடாமல் நின்ற படம் பிழைத்தது. ஒரு நாட்டின் கலை வரலாறு இத்தகைய தற்செயலை நம்பியிருத்தல் தகுமா?

தற்செயலை முறையான முயற்சியாக மாற்றியவர் பி.கே. நாயர். 1965 முதல் 1991 வரை காப்பகத்தில் பணியாற்றிய அவர், பால்கேயின் படங்களில் எஞ்சியவற்றைத் தேடிச் சேகரித்தவர். நல்ல படம், சாதாரணப் படம் என்று பாகுபாடு செய்யாமல் அனைத்தையும் சேகரிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. எது வரலாற்றுச் சான்றாகும் என்பதை நிகழ்காலம் தீர்மானிக்க இயலாது என்பதே அதன் உட்பொருள்.

'மந்தன்' கூறும் பாடம்

வளர்ச்சி, திரைப்படம், பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே சந்திக்கும் எடுத்துக்காட்டு ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்'. 1976இல் வெளியான அப்படத்துக்குக் குஜராத்தைச் சேர்ந்த 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் அளித்தனர். தாங்கள் முதலிட்ட படத்தைக் காண விவசாயிகள் குடும்பத்துடன் திரண்டு வந்தனர். கூட்டுறவின் பயனையும், அதற்குச் சாதியும் சுயநலமும் இடும் தடைகளையும் மறைக்காமல் காட்டியமையால், பிற பகுதிகளில் பால் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கும் பணிக்கும் அப்படம் கருவியாயிற்று. அதன் மூலப்பிரதி தேசியக் காப்பகத்தில் இருந்த காரணத்தால், அதனைச் சீரமைத்து 2024இல் கான் திரைப்பட விழாவில் திரையிட முடிந்தது. மூலப்பிரதி வெள்ளிக்காக உருக்கப்பட்டிருந்தால், 5 இலட்சம் மக்கள் முதலிட்ட ஒரு வரலாறு பேச்சளவில் மட்டுமே நின்றிருக்கும்.

செய்ய வேண்டியவை

தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ்ப் பழைய படங்களை எண்மமாக்கும் பணியும் சீரமைக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டுள்ளன. 2022இல் தேசியக் காப்பகம், பிலிம்ஸ் டிவிஷன் முதலியவற்றின் பணிகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நிர்வாக அமைப்பு எதுவாயினும், சில தேவைகள் நிலையானவை.

முதலாவதாக, நூல்களுக்கு உள்ளதுபோல் திரைப்படங்களுக்கும் பாதுகாப்பு நோக்கிலான ஒப்படைப்புச் சட்டம் வேண்டும். இரண்டாவதாக, எண்மமாக்கியதுடன் கடமை முடிந்தது என்ற எண்ணம் கூடாது. கணினிக் கோப்புகளும் அழியக்கூடியவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனங்களுக்கு மாற்றப்பட வேண்டியவை. படச்சுருளின் மூலப்பிரதியும் அதனுடன் காக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, இந்திய மொழிகள் பலவற்றில் படங்கள் தயாராகும் நாட்டில் ஒரு நகரத்துக் காப்பகம் மட்டும் போதாது. மாநிலங்கள் தத்தம் மொழிப்படங்களுக்குப் பொறுப்பேற்றல் வேண்டும்.

நான்காவதாக, படத்தைச் சார்ந்த துணைச் சான்றுகள் உள்ளன. மறைந்த படங்களைப் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள், துண்டு விளம்பரங்கள், நிழற்படங்கள், அரங்குக் கணக்குகள், உரிமக் கோப்புகள் ஆகியவற்றின் வாயிலாகவே. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரங்களையும் காத்துவருவது இதற்கு நல்ல முன்மாதிரி. மாவட்ட அலுவலகங்களில் கிடக்கும் பழைய திரையரங்கு உரிமக் கோப்புகளைக் காலாவதியான தாள்களென அழிப்பதற்கு முன், ஆவணக் காப்பகத்தின் கருத்தைக் கேட்பது அதிகாரிகளால் எளிதில் செய்யக்கூடிய பணி. தம் ஊரில் மூடப்பட்ட அரங்குகளின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது மாணவர்களால் செய்யக்கூடிய பணி.

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் காக்கக் கற்றுக்கொண்ட நாடு நம்முடையது. சுவடிகளுள் பல செல்லரித்த பின்னரே அவற்றின் அருமையை உணர்ந்தோம். திரைப்படச் சுருள் ஓலைச்சுவடியைக் காட்டிலும் குறைந்த ஆயுள் உடையது. ஆகையால் தாமதத்துக்கு இங்கே இடம் இன்னும் குறைவு. சென்ற நூற்றாண்டின் மக்கள் எவ்வாறு பேசினர், எவ்வாறு உடுத்தனர், எதைக் கண்டு சிரித்தனர், எதற்காகக் கண்ணீர் வடித்தனர் என்பதை அடுத்த தலைமுறை கண்ணாரக் காண வேண்டுமானால், எஞ்சியிருக்கும் சுருள்களைக் காப்பதை இன்றைய கடமையாக நாம் ஏற்க வேண்டும்.